வேண்டாம் என்ற வேதம்

புதுக்கோட்டை,
தூத்துக்குடி மாவட்டம்.
சனிக்கிழமை, பிற்பகல்.

மதிப்பிற்கும் பாசத்திற்கும் (பின்னது இப்போது சற்றுக் குறைந்திருப்பினும்) உரிய இளைய சகோதரர் திரு. தங்கதுரை அவர்களின் மேலான கவனத்திற்கு, தமக்கை முத்துக்கனி முறைப்படி வணக்கம் கூறி எழுதிக்கொள்வது:

தங்களுடைய செய்திக்கு ஆறு வாரம் கழித்து மறுமொழி எழுத நேர்ந்தமைக்கு முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். வைகாசி முகூர்த்தங்களுக்கு ரவிக்கை தைக்கும் வேலை குவிந்து கிடந்தது ஒரு காரணம். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் சினத்தில் தாளைக் கிழித்துப் போட்டது மற்றொரு காரணம். அந்தச் சினம் வயதினால் வந்ததன்று, தங்களால் வந்தது. ‘நம்ம குடும்பம்’ என்னும் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நான் விலகிவிட்டதைத் தாங்கள் கவனித்திருக்கக்கூடும். கவனிக்கவில்லையெனில் இப்போது அறிக. அக்குழுவில் இனி நான் இல்லாதபடியாலும், தொலைபேசியில் பேசினால் தாங்கள் சிரித்துவிடுவீர்கள் என்பதாலும், பேச்சுக்கு நடுவே சிரிக்க இயலாத தபால் வழியாக என் குறையைத் தெரிவிக்கிறேன்.

நடந்ததை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன், ஏனெனில் தாங்கள் குழுவில் பரப்பியிருக்கும் வடிவத்தில் நான் ஏதோ பித்துப் பிடித்து மதம் மாறக் கிளம்பியவளைப் போலக் காட்சியளிக்கிறேன். சென்ற ஆண்டு தங்கள் புதுமனை புகுவிழாவிற்காகத் தாணே வந்திருந்தேன். தங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கும் சாலமோன் நவ்காவ்கர் ஐயா, இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கொங்கணக் கரையில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவரும் யூதர் குலத்தைச் சேர்ந்தவர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நம்மை விருந்துக்கு அழைத்தார். தாங்கள் அங்கே கோழிக்கறியைப் பற்றி மட்டுமே சிந்தித்துக்கொண்டிருந்தீர்கள். நான் அவருடைய மனைவி சிபோரா அம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூரியன் மறைவதற்குச் சற்று முன்னர் அந்த அம்மாள் இரண்டு விளக்கேற்றினார், கைகளால் கண்களை மூடி ஏதோ வேண்டிக்கொண்டார், பின்பு உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவேயில்லை. கணவர் எழுந்து நின்று, இல்லத்தரசியைப் போற்றும் வேதப் பகுதி ஒன்றைப் பாடினார். எங்கள் திருமணமாகி முப்பத்தெட்டு ஆண்டுகளில் என் கணவர் நின்றுகொண்டு என்னிடம் கூறியவை “சட்டை எங்க?” “செருப்பு எங்க?” ஆகிய இரண்டே. நாளைக் காலையில் காப்பி யார் போடுவார்கள் என்று நான் இந்தியில் (நானாகவே படித்துத் தேறிய இந்தி என்பதைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்) கேட்டேன். “ஒருவரும் போடமாட்டார்கள்,” என்றார் அந்த அம்மாள். நாளை சூரியன் மறைந்து மூன்று விண்மீன்கள் தென்படும்வரை இவ்வீட்டில் அடுப்பு மூட்டப்படாது, தையல் போடப்படாது, கடவுளே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று விளக்கினார். ஓய்வெடுக்கக் கட்டளையிடும் கடவுள் ஒருவர் இருக்கிறார் என்பதை அறிந்துகொள்ள எனக்கு ஐம்பத்தெட்டு வயது ஆகியிருக்கிறது.

ஊர் திரும்பியதும் மாவட்ட நூலகத்தில் அச்சமயத்தைப் பற்றிய ஆங்கில நூலொன்றைத் தேடிப் பிடித்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்கு மாதத்தில் படித்து முடித்தேன். கடவுள் ஒருவரே, அவருக்கு உருவம் இல்லை என்ற பகுதியில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. ஓய்வுநாளில் விலக்கப்பட்ட முப்பத்தொன்பது வேலைகளின் பட்டியலில்தான் நின்றுவிட்டேன். புடைத்தல், பொறுக்குதல், அரைத்தல், சலித்தல், பிசைதல், சுடுதல், வெளுத்தல், சாயமிடுதல், முடிச்சுப் போடுதல், முடிச்சவிழ்த்தல், தைத்தல், தைப்பதற்காகக் கிழித்தல், தீ மூட்டுதல், தீ அணைத்தல் என்று வரிசையாகப் போகிறது. இரண்டே இரண்டு தையல் போட்டாலும் அது வேலையாகும் என்கிறார்கள். ஏர் உழுவது, மானைப் பிடித்துத் தோலுரிப்பது முதலிய சிலவற்றைத் தள்ளிவிட்டால் மீதியில் இருபத்திரண்டை நான் ஒவ்வொரு நாளும் செய்கிறேன். என்னைப் பற்றிக் கேட்பவர்களிடம் என் கணவர் “வீட்லதான் இருக்கா, ஏதோ தைப்பா,” என்பது வழக்கம். நான் செய்வதற்கெல்லாம் வேலை என்று பெயர் வைத்து, எண்ணிக்கையும் இட்டு, வேதம் கற்ற பெரியோர்கள் அதைப் பற்றி ஏடு ஏடாக விவாதித்திருக்கிறார்கள் என்பதைக் கண்டபோது, நூலகத்தில் அமர்ந்திருக்கிறோம் என்பதையும் மறந்து கண்ணீர் விட்டேன். இதைத் தங்களிடம் நம்பிச் சொன்னேன். தாங்கள் அதையும் குழுவில் போட்டீர்கள்.

நவ்காவ்கர் ஐயா புதிதாய்க் கற்போருக்காக ஞாயிறுதோறும் கணினி வழியாக அடிப்படைப் பாடம் நடத்துகிறார் என்று தாங்களே கூறியதால்தான், என்னையும் மாணவியாகச் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவோடு அவருக்கு ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினேன். இதற்கிடையில் வீட்டில் நானாகவே சிலவற்றைத் தொடங்கினேன். துடுப்பும் செதிளும் உள்ள மீனை மட்டுமே உண்ணலாம் என்பது விதி. இதைத் தூத்துக்குடிக் கரையில் இருந்துகொண்டு கடைப்பிடிப்பது எளிதா என்று எண்ணிப் பாருங்கள். நண்டு கூடாது, இறால் கூடாது, கணவாய் கூடாது, என் கணவர் உயிரை விடும் சுறாப்புட்டு கூடாது. மொபெட்டில் மீன் கொண்டுவரும் ஜெஸ்மியிடம் இனி விளைமீன், பாறை போன்றவை மட்டும் போதும் என்று காரணத்தோடு விளக்கினேன். அவள் பெட்டியைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எக்கா, செதிளு இல்லாம பொறந்தது அதுக குத்தமா? கணவா என்ன பாவம் பண்ணிச்சு?”

“பாவம் ஒன்றும் செய்யவில்லை. யூத வேதத்தில் அவ்வாறு விதிக்கப்பட்டிருக்கிறது.”

“எங்க யேசுசாமியும் அந்த வேதக்காரருதான? மீன் புடிக்கவங்க கூடதான சுத்துனாரு? அவரு ஒரு நாளாச்சும் நண்டு வேண்டாம்னு சொல்லிருப்பாரா?”

“சொல்லியிருக்கத்தான் வேண்டும். அவர் வளர்ந்த வீட்டில் நண்டு சமைத்திருக்க மாட்டார்கள்.”

ஜெஸ்மி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். “மாதாவே, இத எனக்கு யாருமே சொல்லலியே,” என்றாள். பிறகு என் கணவரை உள்ளிருந்து அழைத்து, “அண்ணாச்சி, இனிம நீங்க நண்டு தின்னணும்னா எங்க வீட்டுக்குத்தான் வரணும்,” என்று அறிவித்துவிட்டுப் போனாள். அவரும் போகிறார். வாரம் இருமுறை போகிறார். அது தனிக் கதை.

பாலையும் இறைச்சியையும் கலக்கக்கூடாது என்பதற்காகச் சமையலறைப் பாத்திரங்களை இரண்டாகப் பிரித்து, பால் பாத்திரங்களின் கைப்பிடியில் நீல நூலும், கறிப் பாத்திரங்களின் கைப்பிடியில் சிவப்பு நூலும் கட்டினேன். நான்காம் நாள் என் கணவர் நீல நூல் கட்டிய தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய் ஆட்டுக்கறி வாங்கி வந்தார். நான் வாய் திறப்பதற்குள், “ஏளா, மனுசனுக்குள்ள சாதி பாக்கக் கூடாதுன்னு ஊரெல்லாம் வியாக்கியானம் பேசுவ. இப்ப வாளிக்கும் சட்டிக்கும் சாதி வச்சிருக்கியே!” என்றார். அதற்கு விடை சொல்ல எனக்கு ஆசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். அந்த ஆசிரியர்தான் என்னை வேண்டாம் என்கிறார்.

வெள்ளிக்கிழமை மாலைகளின் நிலையையும் கேளுங்கள். ஓய்வுநாள் தொடங்கிய பின் மின்விளக்கைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது என்பதால் முன்கூட்டியே சாப்பாட்டறை விளக்கைப் போட்டு வைத்திருந்தேன். விளக்கேற்றி, கண்மூடி, எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன். என் வாழ்நாளில் முதன்முறையாக உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். என் கணவர் உள்ளே வந்து, “ஆளில்லாத எடத்துல லைட்டு எரியுது,” என்று சொல்லி அணைத்துவிட்டு, வாசலில் போய்க் கைபேசியோடு உட்கார்ந்தார். ஆள் நான் அங்கேதான் இருந்தேன். ஏற்றிய விளக்குகளையும் மின்விசிறிக் காற்று ஏற்கெனவே அணைத்துவிட்டது. இப்படிப்பட்ட இக்கட்டில் பிறரிடம் “விளக்கைப் போடுங்கள்” என்று நேரடியாக ஏவுதல் தகாது, குறிப்பாக உணர்த்தலாம் என்று நூலில் படித்திருந்தேன். ஆகவே,

“இங்கே இருட்டாக இருக்கிறது,” என்றேன்.

“ஆமா. இருட்டாத்தான் இருக்கு,” என்றார் வாசலில் இருந்தபடி.

“மீன்முள் கண்ணுக்குத் தெரியவில்லை.”

“பாத்துத் தின்னு.”

“சிலருக்கு விளக்கு வெளிச்சத்தில் சாப்பிடும் பேறு கிடைக்கிறது.”

“குடுத்து வச்சவுக,” என்று சொல்லிவிட்டு மறுபடியும் கைபேசியில் ஆழ்ந்தார். விளைமீன் முழுவதையும் விரலால் தடவித் தடவி உண்டேன். நாற்பது ஆண்டு துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டி, கப்பலில் நிற்பவன் சுண்டுவிரலை அசைத்தால் இருபது டன்னைத் தூக்கி வைத்த மனிதருக்கு, மனைவியின் குறிப்பு விளங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை என்பதால் எண்ணெய்க் குளியல். சீயக்காய் அரைப்பதும் வெந்நீர் வைப்பதும் என் கடமை என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என நான் இதுவரை கேட்டதில்லை. வெள்ளிக்கிழமையே வெந்நீரைக் குடுவையில் ஊற்றி வைத்திருந்தேன். தலை முழுக்க எண்ணெய் வடிய அதைத் தூக்கிப் பார்த்தவர், “இது பல்லு வெளக்கக் காணுமாளா? பெண்சன் வாங்குதவன் தலைக்கு ஒரு சட்டி வெந்நி கெடையாதா?” என்று தெருவே கேட்க வினவினார். ஓய்வூதியம் பெறுகிறவருக்கு வாரத்தில் ஏழு நாளும் ஓய்வுநாள். எனக்கு ஒரு நாள் வந்தால்தான் வீடு இடிந்துவிடும். நவ்காவ்கர் ஐயாவின் முன்னோர்கள் செக்காட்டி எண்ணெய் எடுத்தவர்கள் என்றும், சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் அக்கம்பக்கத்தார் அவர்களைச் ‘சனிக்கிழமை எண்ணெய்க்காரர்’ என்றே அழைத்தார்கள் என்றும் ஐயா சொன்னது நினைவிருக்கிறதா? செக்கு நின்றபோது கொங்கணக் கரை கடலில் மூழ்கிவிடவில்லை. என் தையல் இயந்திரம் ஒரு நாள் நின்றால் புதுக்கோட்டை மட்டும் மூழ்குமா?

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு நான் காத்திருந்தபோது வந்தது ஐயாவின் முதல் பதில். “அம்மா, இது மிகக் கனமான சுமை. தாங்கள் ஏன் சுமக்க வேண்டும்? எங்களுக்கு அறுநூற்றுப் பதின்மூன்று கட்டளைகள். மற்ற மக்களுக்கு ஏழே போதும். அவற்றைக் கடைப்பிடிக்கும் நல்லோருக்கு மறுமையில் பங்கு உண்டு.” அந்த ஏழையும் எடுத்துப் பார்த்தேன். கொலை செய்யாதே, திருடாதே, கடவுளைப் பழிக்காதே என்று போய், உயிரோடிருக்கும் பிராணியின் உறுப்பைப் பிய்த்துத் தின்னாதே என்று ஒன்று வருகிறது. தங்கதுரை அவர்களே, தங்கள் தமக்கை இத்தனை ஆண்டில் எந்த ஆட்டின் காலையாவது உயிரோடு பிய்த்துத் தின்பதைப் பார்த்திருக்கிறீர்களா? நீதிமன்றம் அமைத்துக்கொள் என்பது இன்னொன்று. தூத்துக்குடியில் ஏற்கெனவே இருக்கிறது.

ஆனால் என்னைச் சுட்டது அதுவன்று. ஏழு போதும் என்ற சொல். அந்தச் சொல்லை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அப்போது தாங்கள் சிறு பிள்ளை. ஏழாம் வகுப்புத் தேர்வில் நான் பள்ளியிலேயே முதலாவதாக வந்த தாளை அப்பா வாங்கிப் பார்த்து, மடித்து, ஓட்டுக்கு அடியில் செருகிவிட்டு, “ஏழு போதும், இனிம தையல் படிக்கட்டும்,” என்றார். என் தையல் இயந்திரம் ஓடி ஓடித்தான் தாங்கள் சாயர்புரத்தில் கல்லூரிப் படிப்பு முடித்தீர்கள். அதைச் சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்காதே. சொல்லித்தான் காட்டுகிறேன். ஏலே தங்கதுரை, எங்க போனாலும் எனக்கு ஏழு போதும்னு எப்படிலே எல்லாருக்கும் தெரியுது? ஒனக்கு யாரும் ஏழு போதும்னு சொன்னாவளா? நம்ம தெருவுல ஒவ்வொரு வேதக்காரரும் வாசலுக்கு வந்து, கையைப் புடிச்சு, துண்டுத்தாள் குடுத்து, எங்ககிட்ட வாங்க வாங்கன்னு கூப்புடுதாவ. நானாகப் போய்க் கதவைத் தட்டுன ஒரே எடத்துல வேண்டாங்குதாவ!

எல்லை மீறிவிட்டது. பொறுத்தருள்க. மேற்கொண்டு முறைப்படியே எழுதுகிறேன்.

நான் பதினொரு பக்கத்தில் மறுப்புரை எழுதி அனுப்பினேன். முடிவில், நம் ஊர்ச் சொதியில் தேங்காய்ப் பால் சேர்வதால் அதை ஆட்டுக்கறியோடு உண்ணலாமா என்ற ஐயத்தையும் கேட்டிருந்தேன். அதற்கு வந்த இரண்டாம் பதிலைத்தான், எனக்கு அனுப்பும்படி ஐயா உறையிடாமல் தங்கள் கையில் கொடுக்க, தாங்கள் படம் பிடித்து, “அக்காவுக்கு ரெண்டாவது தடவையும் கதவடைப்பு” என்ற வாசகத்தோடும் பல்லிளிக்கும் பதினான்கு முகங்களோடும் குழுவில் வெளியிட்டீர்கள். அப்பதிலின் விந்தையைப் பாருங்கள். வகுப்பில் சேர்த்துக்கொள்வது பற்றி “இப்போதும் வேண்டாம் என்றே கருதுகிறேன்” என்று ஒரு வரி. தேங்காய்ப் பாலைப் பற்றி இரண்டு பக்கம்! அது பாலே ஆகாது, தாராளமாகச் சேர்க்கலாம், எங்கள் வீடுகளில் காலங்காலமாகக் கறியைத் தேங்காய்ப் பாலில்தான் சமைக்கிறோம், பார்ப்பவர் தவறாக எண்ணாதிருக்கப் பக்கத்தில் இரண்டு தேங்காய்ச் சில்லு வைத்தால் நலம் என்று மேற்கோளும் மறுமேற்கோளுமாக எழுதியிருக்கிறார். வேண்டாத மாணவிக்கு எதற்காக இரண்டு பக்கம்?

இதைவிடக் கொடுமை கடைசிப் பத்தி. சமூகத்தில் சேராத ஒருவர் ஓய்வுநாளை முழுமையாகக் கடைப்பிடிப்பது தகாது, ஆகவே சனிக்கிழமைதோறும் விலக்கப்பட்ட வேலைகளில் ஒன்றையாவது நான் கட்டாயம் செய்துவிட வேண்டும் என்கிறார். ஓய்வு வேண்டி ஒரு வேதத்தைத் தேடிப்போனால், நீ ஓய்வெடுக்காதே என்று பெயர் குறிப்பிட்டுச் சொல்கிறது! இதைக் குழுவில் படித்ததும் என் கணவரின் முகத்தில் தோன்றிய ஒளியை நான் திருமணத்தன்றும் கண்டதில்லை. “ஏளா, பெரியவரே சொல்லிட்டாவ! ஒரு வேலை கட்டாயமாம்! தீ மூட்டுதது லிஸ்டுல இருக்குல்லா? வெந்நிய போடு!” என்றார். அடுத்த சனிக்கிழமை “அரைக்கிதும் இருக்காம்லா, சீயக்காயி?” என்றார். அச்சமயத்தின் சட்டதிட்டங்களில் இன்று புதுக்கோட்டையில் என் கணவரை மிஞ்சிய அறிஞர் இல்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் நூலைக் கையில் பிடித்துக்கொண்டு, எது அந்த ஒரு வேலை என்பதில் என்னோடு வாதிடுகிறார்.

இன்று அவ்வாதத்தை நான் முடித்து வைத்தேன். எழுதுதலும் முப்பத்தொன்பதில் ஒன்று. எனக்கு அனுமதிக்கப்பட்ட அந்த ஒரு வேலையை நான் வெந்நீருக்குச் செலவிடவில்லை, காப்பிக்குச் செலவிடவில்லை. தங்களைக் கடிந்து இக்கடிதம் எழுதுவதற்குச் செலவிடுகிறேன். இந்த வாரம் நான் மன நிறைவோடு செய்த வேலையும் இதுவே.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது: பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, நேரில் நின்று, சிரிக்காமல், என் சார்பில் ஐயாவிடம் தெரிவிக்கவும். இருமுறை மறுத்தார், பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது முறையும் வேண்டாம் என்பாரானால் என் தன்மானம் இடந்தராது. நூலை நூலகத்தில் ஒப்படைத்துவிடுவேன், பாத்திரங்களின் நூலை அறுத்தெறிவேன், அடுத்த சனிக்கிழமை அதிகாலையிலேயே தையல் இயந்திரத்தில் அமர்ந்துவிடுவேன். அதற்குப் பின் அந்த வாசலை என் கடிதம் மிதிக்காது. இன்னொரு மறுப்பு வேண்டவே வேண்டாம். இது உறுதி.

தங்கள் இல்லத்தரசிக்கும் பிள்ளைகளுக்கும் என் முழுமனதான ஆசிகள். அவர்கள் நீடூழி வாழ்க. தங்களுக்குரிய ஆசியைத் தங்கள் நடத்தையைப் பார்த்துப் பின்னர் முடிவு செய்வேன்.

இங்ஙனம்,
தங்கள் மீது இன்னும் சினம் தணியாத தமக்கை,
மு. முத்துக்கனி

பின்குறிப்பு: ஞாயிறு காலை. உறையை ஒட்டுவதற்குள் சிபோரா அம்மாள் தொலைபேசியில் அழைத்தார்கள். அரை மணி நேரம் இந்தியில் பேசினோம். வருகிறவரை மும்முறை திருப்பி அனுப்புவது அவர்களுடைய பெரியோர் வழக்கமாம். போகிறவர் போகட்டும், போகாமல் நிற்பவருக்கே பாடம் என்பது அதன் கருத்தாம். ஐயா என் பெயரை வகுப்புப் பதிவேட்டில் எப்போதோ எழுதிவிட்டாராம். ஆயினும் மூன்றாவது மறுப்பை அனுப்பாமல் சேர்த்துக்கொள்வது முறையன்று என்பதால் தயங்குகிறாராம். அதை எழுதப் பலமுறை உட்கார்ந்தும், என் பதினொரு பக்கத்தை நினைத்து அச்சத்தில் எழுந்துவிடுகிறாராம். எனவே மேலே எழுதியவை எதையும் ஐயாவிடம் தெரிவிக்க வேண்டாம். அதற்கு மாறாக, உடனே சென்று, என்னை இன்னும் ஒருமுறை உறுதியாக மறுக்கும்படி அவரை வற்புறுத்தி வேண்டிக்கொள்ளவும். ஒரு வரி போதும். கடுமையாக இருப்பினும் வருந்தமாட்டேன் என்று உறுதி கூறவும். புதிய வகுப்பு இன்னும் இரண்டு வாரத்தில் தொடங்குகிறது. உடனே பதில் போடவும்.